வயர்லெஸ் கைமைக்: பினாங்கு மண்டபங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் எங்கள் வட்டாரத்தில் கோயில் திருவிழா, கல்யாணம், தேவாரப் போட்டி, அறுபதாம் கல்யாணம் என்று எது நடந்தாலும் மைக் சத்தங்களைக் கலந்து ஏற்றி இறக்கும் மிக்சருக்குப் பின்னால் உட்காரும் ஆள் நான். இது என் தொழில் இல்லை. எங்கள் கோயிலில் அந்த மிக்சரைத் தொடவே ஆள் இல்லாத காலத்தில் என் தலையில் விழுந்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. "அண்ணே, மைக் சரியில்ல, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்தான் கீழே இருப்பவை. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மைக்கில் கோளாறே இருக்காது. பேசுகிறவர் வாய்க்கும் மைக்குக்கும் நடுவில், இல்லாவிட்டால் மைக்குக்கும் அதன் அலையை வாங்கும் பெட்டியான ரிசீவருக்கும் நடுவில்தான் சிக்கல். அதனால் நான் எப்போதும் வாயில் தொடங்கி ஸ்பீக்கர் வரை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவேன். ஸ்பீக்கர் பக்கமிருந்து ஒவ்வொரு குமிழாகத் திருகிக்கொண்டு வந்தால் பொழுது விடிந்துவிடும்.

புது செட் வாங்கி வந்துவிட்டோம். எதிலிருந்து தொடங்குவது?

முதலில் அடாப்டரைப் பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட். வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரவழைத்த செட் என்றால் அடாப்டரில் 100-240 என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துவிட்டுச் செருகுங்கள். 110 வோல்ட்டுக்கு மட்டும் செய்த அடாப்டரை இங்கே செருகினால் புகைதான் வரும்.

பிறகு மிக்சரில் அந்தச் சேனலை முழுக்க இறக்கிவிட்டு, கேபிளை மாட்டி, ரிசீவரை ஆன் செய்து, கடைசியாக மைக்கை ஆன் செய்யுங்கள். நிறுத்தும்போதும் சேனலை இறக்கிய பிறகுதான் மற்றதெல்லாம். இந்த வரிசையை மாற்றினால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். முன்வரிசைப் பாட்டிகள் திடுக்கிடுவது ஒரு பக்கம், ஸ்பீக்கருக்கும் அது நல்லதில்லை.

ரிசீவரின் பின்புறம் பெரும்பாலும் இரண்டு வாய்கள் இருக்கும்: மூன்று முள் எக்ஸ்எல்ஆர் ஒன்று, கால் அங்குல ஜாக் ஒன்று. எக்ஸ்எல்ஆரையே பயன்படுத்துங்கள், கேபிள் நீளமானாலும் இரைச்சல் சேராது. பக்கத்தில் 'மைக் / லைன்' என்று ஒரு சின்ன சுவிட்ச் இருந்தால் மிக்சரின் மைக் வாய்க்குப் போகும்போது 'மைக்' பக்கம், லைன் வாய்க்குப் போகும்போது 'லைன்' பக்கம் தள்ளி வையுங்கள். இது மாறிப்போனால் குரல் உடைந்து கிழிந்து வரும், இல்லையென்றால் எவ்வளவு ஏற்றினாலும் முனகலாக இருக்கும். சில வயர் மைக்குகளுக்காக மிக்சர் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் மின்சாரமான பான்டம் பவர் அந்தச் சேனலுக்குத் தேவையில்லை. தனியாக அணைக்க முடிந்தால் அணைத்து வையுங்கள்.

ரிசீவரை எங்கே வைப்பது? மேடைக்குப் பின்னால் அலமாரி இருக்கிறதே?

அலமாரி வேண்டாம், அதிலும் இரும்பு அலமாரி வேண்டவே வேண்டாம். மைக்கிலிருந்து கிளம்பும் அலைக்கு ரிசீவர் கண்ணில் பட வேண்டும். நடுவில் சுவரோ தகரமோ ஆட்களோ வந்தால் அலை தேயும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அது இந்த அலைகளை நன்றாகவே விழுங்கும். காலி மண்டபத்தில் கடைசி மூலை வரை போய்ப் பேசிப் பார்த்து "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மாலையில் ஐந்நூறு பேர் வந்து உட்கார்ந்ததும் அதே மூலையில் குரல் அறுந்து அறுந்து வரும். ரிசீவரைத் தலைக்கு மேலான உயரத்தில் வைத்தால் இந்தத் தொல்லை பாதி தீர்ந்துவிடும். எங்கள் மண்டபத்தில் மேடை ஓரத் தூணில் ஒரு மரப்பலகை அடித்து வைத்திருக்கிறோம்.

இரண்டு ஆன்டெனா இருந்தால் நேராக நிமிர்த்தாமல் 'வி' வடிவில் விரித்து வையுங்கள். இரண்டு எதற்கு என்று கேட்பார்கள். மைக்கின் அலை நேராகவும் வரும், சுவரிலும் கூரைத் தகரத்திலும் பட்டுத் திரும்பியும் வரும். சில இடங்களில் இந்த இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 600 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் அரை மீட்டர்தான் என்பதால் ஓர் ஆன்டெனா அப்படிப்பட்ட ஓட்டையில் மாட்டினாலும், சற்றுத் தள்ளி இருக்கும் இன்னொன்றுக்குச் சிக்னல் கிடைத்துவிடும். எது நன்றாக வாங்குகிறதோ அதை ரிசீவரே எடுத்துக்கொள்ளும்.

ஒரே ஓர் ஆன்டெனா உள்ள மலிவு செட்டில், பேசுகிறவர் ஓரடி நகர்ந்தால் குரல் போவதும் இன்னோர் அடி நகர்ந்தால் வருவதும் இதனால்தான். பூதமெல்லாம் ஒன்றுமில்லை.

ரொம்பக் கிட்டவும் வேண்டாம். மைக்குக்கும் ரிசீவருக்கும் மூன்று மீட்டராவது இடைவெளி விடுங்கள். வைஃபை பெட்டி, எல்இடி திரையின் கண்ட்ரோலர் ஆகியவற்றின் மேல் ரிசீவரை அடுக்காதீர்கள்.

எந்த அலைவரிசையில் வைக்க வேண்டும்?

மற்றவர் இல்லாத அலைவரிசையில். கேட்கச் சுலபம், செய்வது கொஞ்சம் வேலை.

தைப்பூசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் பாதை முழுக்கத் தண்ணீர்ப் பந்தல்கள், பந்தலுக்கு இரண்டு வயர்லெஸ் மைக், பலரிடமும் ஒரே மாதிரி செட். ஒரு வருஷம் நாங்கள் "மோர் இருக்கு, வாங்க" என்று அறிவித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஸ்பீக்கரில் வேறொரு பந்தல்காரர் காணாமல்போன பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஸ்பீக்கரில் எங்கள் மோர் ஓடியிருக்கும். இரண்டு செட்டும் கடையிலிருந்து வந்த அதே அலைவரிசையில் இருந்தன. அவ்வளவுதான் விஷயம்.

யு.எச்.எஃப் செட் (600 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகளில் ஓடுவது) என்றால் ரிசீவரில் காலி அலைவரிசையைத் தேடும் 'ஸ்கேன்' பெரும்பாலும் இருக்கும். முதல் ஸ்கேனின்போது உங்கள் மைக்குகள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். மற்றவை எல்லாம் எரிய வேண்டும்: எல்இடி திரை, விளக்கு, வைஃபை, பக்கத்து அறை மைக் எல்லாம். எல்இடி திரைகள் நிறைய ரேடியோ இரைச்சலைக் கக்கும். காலையில் திரையை ஏற்றாமல் ஸ்கேன் செய்துவிட்டு, மாலையில் மைக் ஏன் கரகரக்கிறது என்று கேட்டால் நான் என்ன சொல்ல? ஸ்கேன் முடிந்ததும் மைக்கை ரிசீவரின் இன்ஃப்ராரெட் கண்ணுக்கு நேரே காட்டி 'சிங்க்' அழுத்துங்கள், மைக்கும் அதே அலைவரிசைக்கு வந்துவிடும். முதல் மைக்கை ஆன் செய்து வைத்துக்கொண்டே அடுத்ததற்கு ஸ்கேன் செய்யுங்கள்.

பழைய செட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவில் பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-இல் முழுவதுமாக நின்றது. டிஜிட்டல் தொலைக்காட்சி 700-க்குக் கீழே ஓடுகிறது, 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைப்பேசிச் சேவைகளுக்குப் போனது, 5ஜி-யும் அதில் இருக்கிறது. உங்கள் மைக்கில் 720, 780 என்று எண்கள் எழுதியிருந்தால் நீங்கள் கைப்பேசிக் கோபுரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஜெயிக்க முடியாது. புது செட்டுக்குக் காசு சேருங்கள்.

ஒவ்வொரு மைக்கும் தனியாக நன்றாக இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் போட்டால் கரகரவென்று சத்தம். ஏன்?

இரண்டு அலைகள் கலந்தால் மூன்றாவது, நான்காவது என்று கள்ளப் பிள்ளைகள் பிறக்கும். ஒரு மைக் 600.0, இன்னொன்று 600.4 என்றால் 599.6-இலும் 600.8-இலும் போலி அலைகள் எழும். மூன்றாவது மைக்கை அழகாகச் சம இடைவெளியில் 600.8-இல் வைத்திருப்பீர்கள், நேராகப் போய் அதில் மோதும். ஆகவே சம இடைவெளி கூடாது. ரிசீவரில் 'குரூப்' என்று இருப்பது இதற்காகத்தான்: எல்லா மைக்குக்கும் ஒரே குரூப், அதற்குள் வேறு வேறு சேனல். கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டே அந்த எண்களைக் கொடுத்திருக்கிறார்கள். வேறு வேறு கம்பெனி செட்களைக் கலந்து வைத்திருந்தால் இந்தக் கணக்கு உதவாது, கொஞ்சம் நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டியதுதான்.

இன்னொன்று, மைக்குகளை ஆன் செய்தபடியே ஒரே மேசையில் ஒட்டி ஒட்டிப் படுக்கப் போடாதீர்கள். கலப்பு அங்கேதான் அதிகம் நடக்கும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் மைக் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

சின்ன வகுப்பு, வீட்டுப் பஜனை என்றால் தாராளமாக வாங்கலாம். பெரிய கல்யாணத்துக்கு வாங்காதீர்கள். வைஃபை, புளூடூத் எல்லாம் அதே தெருவில்தான் ஓடுகின்றன, வருகிற விருந்தாளி ஒவ்வொருவர் பையிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது.

கெயின், வால்யூம், ஃபேடர் என்று எத்தனையோ இடத்தில் ஏற்றி இறக்கலாம். எதை எவ்வளவு வைப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். மைக் பாழாகும் இடம் இதுதான், ஆனால் இதைக் கேட்கிறவர்கள் குறைவு.

கெயின் என்பது உள்ளே வரும் குரலைப் பெருக்கும் அளவு. முதல் கெயின் மைக்குக்குள்ளேயே இருக்கிறது. மைக்கின் மூடியைத் திருகினால் ஒரு குட்டித் திருகாணியோ பொத்தானோ தெரியும். புது மாடல்களில் மெனுவில் இருக்கும். பேசப்போகிறவரையே கூப்பிட்டு, அவர் மேடையில் பேசும் உச்சக் குரலில் பேசச் சொல்லுங்கள். "ஹலோ ஹலோ, ஒன் டூ த்ரீ" என்று கூச்சத்தோடு சொல்வது கணக்கில் சேராது. பட்டிமன்றப் பேச்சாளர் சோதனையின்போது காதோடு பேசுவார், மேடையேறியதும் இடி இடிப்பார். அந்த உச்சத்தில் ரிசீவரின் ஆடியோ விளக்கு மேல்பகுதி வரை போகலாம், சிவப்பு எரியக் கூடாது. எரிந்தால் குறையுங்கள். இந்த இடத்தில் உடைந்த குரலை மிக்சரில் என்ன செய்தும் ஒட்ட முடியாது. ரொம்பக் குறைத்தாலும் தப்புதான், பிறகு வேறு எங்காவது ஏற்ற வேண்டிவரும், குரலோடு சேர்ந்து 'ஸ்ஸ்' இரைச்சலும் ஏறும். ஒரு சிக்கல் சொல்லிவிடுகிறேன்: சில கம்பெனிகளில் எண் கூடினால் சத்தம் கூடும், சிலவற்றில் -10, -20 என்று போகப் போகக் குறையும். எண்ணை நம்பாமல் விளக்கை நம்புங்கள்.

இரண்டாவது, ரிசீவரின் வால்யூம். அதை ஓர் இடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். மூன்றாவது, மிக்சர் சேனலின் கெயின். ஃபேடரை, அதாவது மேலும் கீழும் தள்ளும் பட்டியை, 0 குறியில் நிறுத்தி, மீட்டர் பச்சையில் ஆடி எப்போதாவது மஞ்சளைத் தொடுமாறு கெயினை ஏற்றுங்கள். கடைசியாக ஸ்பீக்கர். நிகழ்ச்சி ஓடும்போது கை வைக்க வேண்டியது ஃபேடரில் மட்டும்தான். 0-வுக்கு அருகில் அது மெதுவாக நகரும், அடியில் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் குதிக்கும்.

மண்டபம் நிறைந்ததும் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். ஆட்களும் சேலைகளும் சத்தத்தை உறிஞ்சும், தவிர பேச்சுச் சத்தமும் கூடும். காலியாக இருக்கும்போதே உச்சத்தில் வைத்திருந்தால் மாலையில் ஏற்ற இடம் இருக்காது.

மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிப்பது?

பேச்சுக்கு மூன்று நான்கு விரற்கடை. மைக்கின் தலை வாயைப் பார்க்க வேண்டும், வானத்தைப் பார்க்கக் கூடாது.

தூரம் இரண்டு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும். 5 சென்டிமீட்டரில் பேசத் தொடங்கிய பெரியவர் மெல்ல மெல்லக் கையை நெஞ்சுக்கு இறக்கி 20 சென்டிமீட்டர் ஆக்கிவிட்டால் 12 டெசிபல் போய்விட்டது. அதை ஈடுகட்ட நான் ஃபேடரை ஏற்றினால் கூடவே மின்விசிறியும் சமையற்கட்டுப் பாத்திரமும் ஏறும், அப்புறம் 'வீல்' என்று கத்தும். கத்தினால் எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள்.

எப்படிச் சொன்னாலும் சிலருக்குக் கை இறங்கிவிடும். அவர்களிடம் "ஐயா, மைக்கைத் தாடையில் சாய்ச்சுக்கோங்க" என்று சொல்லிப் பாருங்கள். சென்டிமீட்டர் கணக்கைவிட அது நன்றாக வேலை செய்கிறது. கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் 'ப', 'ஃப' வரும்போது காற்று நேராக அடிக்காது.

பிடி நடுவில் இருக்கட்டும். பல கைமைக்குகளில் ஆன்டெனா அடிப்பகுதியில் இருக்கிறது, அதை உள்ளங்கையால் பொத்தினால் ரேடியோ அலை பலவீனமாகும். மேலே வலைத்தலையைப் பொத்திப் பிடிப்பது அதைவிட மோசம். ராப் பாடும் தம்பிகளிடம் இந்தப் பழக்கம் உண்டு. பார்க்க ஸ்டைலாகத்தான் இருக்கும். ஆனால் பின்பக்கச் சத்தத்தைத் தள்ளிவிட அந்தத் தலைக்குப் பின்னால் துளைகள் வைத்திருக்கிறார்கள். அவற்றை அடைத்தால் மைக் நாலா பக்கமும் கேட்கத் தொடங்கும், உடனே கூவும்.

ஃபீட்பேக் வந்துகொண்டே இருக்கிறது. எந்தக் குமிழைத் திருப்புவது?

ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய்க் கூவுவதுதான் ஃபீட்பேக். குமிழை விடுங்கள், முதலில் இடத்தைப் பாருங்கள். ஸ்பீக்கர் பேசுகிறவருக்கு முன்னால், சபையைப் பார்த்து நிற்க வேண்டும். எங்கள் பக்கத்து டேவான்களில் (பொது மண்டபங்களில்) ஸ்பீக்கரை மேடையின் பின்சுவரில் மாட்டியிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். பேசுகிறவர் முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர் இருந்தால் அதன் சத்தம் நேராக மைக்குக்குள்தான் போகும்.

பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் வைத்தால் மைக் வகையைப் பாருங்கள். கார்டியாய்டு (முன்னால் நன்றாகக் கேட்டு, நேர்ப்பின்னால் கேட்காத வகை) என்றால் மைக்கின் நேர்ப்பின்புறம் வைக்கலாம். சூப்பர் கார்டியாய்டு என்றால் பின்னால் கொஞ்சம் கேட்கும், அதனால் மானிட்டரைப் பின்பக்கம் ஓரமாகத் தள்ளி வையுங்கள். பேசாத மைக்குகளை மூடுங்கள். திறந்திருக்கும் மைக்குகள் இரண்டு மடங்கானால் கூவாமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபல் குறையும். பரிசளிப்பு விழாவில் மேசைமேல் நான்கு மைக் திறந்து கிடக்க, ஒருவர் மட்டும் பேசிக்கொண்டிருப்பார்.

இத்தனைக்கும் பிறகு கூவினால், அடிக்குரல், மேல்குரல் என்று தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசருக்கு வரலாம். 'ஊ' என்று ஆந்தைபோல் வந்தால் 250 முதல் 500 ஹெர்ட்ஸ் பக்கம், விசில்போல் வந்தால் 2000-க்கு மேலே தேடி, குறுகலாக மூன்று நான்கு டெசிபல் மட்டும் வெட்டுங்கள். அகலமாக வெட்டினால் குரலும் சேர்ந்து போய்விடும்.

குரல் குண்டாக, புரியாமல் வருகிறதே?

அடிச்சத்தத்தை வெட்டும் லோ-கட் பொத்தானை அழுத்துங்கள், 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும். மைக் வாயை ஒட்டி இருந்தால் அடிக்குரல் தானாகவே வீங்கும், அதனால் 200 பக்கமும் கொஞ்சம் குறைக்கலாம். எக்கோ எஃபெக்ட் போட்டிருந்தால் தயவுசெய்து அணையுங்கள். நம் மண்டபங்களில் தரை டைல்ஸ், சுவர் சிமெண்டு. வேண்டிய எக்கோவைக் கட்டடமே இலவசமாகக் கொடுக்கிறது. நீளமான மண்டபத்தில் பின்பக்கமும் ஸ்பீக்கர் வைத்திருந்தால், நம் வெயிலில் சத்தம் விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும் என்ற கணக்கில் அந்தப் பின் ஸ்பீக்கருக்குத் தாமதம் வையுங்கள். 25 மீட்டருக்கு சுமார் 70 மில்லி விநாடி. இதைச் செய்யாவிட்டால் பின்வரிசைக்கு ஒரே சொல் இரண்டு தடவை கேட்கும்.

நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் இதே கைமைக் போதுமா?

ஸ்டாண்டில் வைத்தால் போதும், ஆனால் பேச்சுக்கு வைத்த கெயினில் விடாதீர்கள். இரண்டும் மைக்கே இல்லாமல் தெரு முழுக்கக் கேட்கும் வாத்தியங்கள். மைக்கின் உள்கெயினை நன்றாக இறக்குங்கள். நாதஸ்வரத்தின் அகன்ற அடிவாயான அணைசுக்குள் மைக்கைத் திணிக்காமல் ஓரடி இரண்டடி தள்ளி வையுங்கள், துளைகளிலிருந்தும் ஒலி வருகிறது. கெட்டிமேளத்தின்போது என் கை எப்போதும் ஃபேடரில்தான் இருக்கும்.

பேட்டரி எது நல்லது?

டபுள் ஏ அல்கலைன் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகை 1.2 வோல்ட். இரண்டும் ஓடும், கலக்காதீர்கள். நிக்கல் போட்டால் மெனுவில் பேட்டரி வகையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மூன்று கோடு காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று சாகும். பெரிய நிகழ்ச்சிக்குப் புதுசு போட்டுவிடுங்கள். தாலி கட்டும் நேரத்தில் பேட்டரி மாற்றுகிறவனைப் பெண் வீட்டார் மறக்கவே மாட்டார்கள். முடிந்ததும் கழற்றி வையுங்கள். பினாங்கின் ஈரக்காற்றில் ஒழுகிய பேட்டரி உள்ளே இருக்கும் கம்பிச்சுருளைப் பச்சை பிடிக்க வைத்துவிடும்.

மைக் நாற்றமடிக்கிறது. கழுவலாமா?

வலைத்தலையை மட்டும் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் பஞ்சோடு பாத்திரம் கழுவும் சோப்பில் அலசி, ஒரு நாள் முழுக்க உலர்த்தி மாட்டலாம். ஈரத்தோடு மாட்டக் கூடாது. மைக் உடம்பில் தண்ணீர் படக் கூடாது. சோதிக்கிறேன் என்று தலையில் தட்டுவதும் ஊதுவதும் வேண்டாம், பேசிப் பார்த்தால் போதும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் 'சிரிம் ஸ்டிக்கர்' என்று கேட்டால் புரியும். அலைவரிசை மாற்ற முடிகிற செட்டாக, இரண்டு ஆன்டெனா உள்ளதாக இருக்கட்டும். ஒரே விலைக்கு நான்கு மைக் கொடுக்கும் செட்டைவிட இரண்டு மைக் கொடுக்கும் செட் பெரும்பாலும் தேவலை. பெயர்பெற்ற எஸ்எம்58 மைக்கின் தலை 1966-இல் வந்தது, இன்றைக்கும் அதையே வயர்லெஸ் உடம்பில் மாட்டி விற்கிறார்கள். அதனால் விளம்பரத்தில் வரும் 'புதுத் தொழில்நுட்பம்' என்ற சொல்லுக்கு நான் அசைவதில்லை.

நடு நிகழ்ச்சியில் மைக் செத்துவிட்டால்?

பேசுகிறவர் கையில் உடனே இன்னொரு மைக்கைக் கொடுங்கள். காரணம் தேடுவதெல்லாம் பிறகு. அந்த இன்னொரு மைக் வயர் உள்ளதாக இருப்பதுதான் என் விருப்பம். மேடை ஓரத்தில் 15 மீட்டர் கேபிளோடு சுருட்டி, தனிச் சேனலில் சோதித்து வைத்திருப்பேன். அதற்குப் பேட்டரியும் வேண்டாம், அலைவரிசையும் வேண்டாம்.

மாற்றிக் கொடுத்த பிறகு செத்ததை எடுத்துப் பாருங்கள். ரிசீவரில் ரேடியோ விளக்கே எரியவில்லையா, பேட்டரி அல்லது சிங்க். ரேடியோ விளக்கு எரிந்து ஆடியோ விளக்கு ஆடவில்லையா, அநேகமாக யாரோ மியூட் பொத்தானைத் தள்ளியிருப்பார்கள். இரண்டும் எரிகிறது, ஆனால் சத்தம் வரவில்லை என்றால் கேபிளோ மிக்சரோதான். போன மாதம் ஒரு பள்ளி விழாவில் இவை எல்லாம் சரியாகவே இருந்தன. ஒரு சின்னப் பையன் மிக்சர் மேசைக்கு அடியில் புகுந்து கேபிளைப் பிடுங்கி விளையாடிக்கொண்டிருந்தான்.